துபாய் வங்கி கடன் தரும், நீங்கள் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். வயது 54. ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் ரூபாய் வருமான வரி கட்டுகிறேன். மனைவிக்குத் தனி வருமானம் இல்லை. மகனுக்கு 29 வயது, இரண்டு வருடமாகத் துபாயில் எஞ்சினீயர், சம்பளம் மாதம் 18,000 திர்ஹாம். சென்ற மாதம் இங்கே ஒரு ஹோட்டலில் நடந்த துபாய் ஃபிளாட் கண்காட்சியில் 14 லட்சம் திர்ஹாமுக்கு ஒரு ஃபிளாட் புக் செய்து, கிரெடிட் கார்டில் 40,000 திர்ஹாம் கட்டிவிட்டேன். சாவி கிடைக்க மூன்று வருடம் ஆகும். அதுவரை 60 சதவீதம், அதன் பிறகு மாதம் 1 சதவீதமாக 40 மாதம் கட்ட வேண்டும். இது பிடிக்காவிட்டால், அதே விலையில் கட்டி முடித்த ஃபிளாட்டுக்கு அங்குள்ள வங்கியில் 50 சதவீதம் கடன் வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். டெபாசிட்டையும் ஒரு காலிமனையையும் சேர்த்தால் 3 கோடி ரூபாய் தேறும். குறைவதற்குக் கோவை வீட்டை அடமானம் வைக்கலாமா? யார் பெயரில் வாங்குவது நல்லது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: ஐயா, ஏஜென்ட் சொன்னது பொய்யில்லை. துபாயில் குடியிருக்காத வெளிநாட்டவருக்கும் அங்குள்ள சில வங்கிகள் சொத்து மதிப்பில் 50 முதல் 60 சதவீதம் வரை வீட்டுக் கடன் தருகின்றன. கடன் கொடுக்க அவர்களுக்குத் தடை இல்லை. வாங்கத்தான் உங்களுக்குத் தடை. இந்தியாவில் குடியிருப்பவர், விதிகளில் பெயர் சொல்லி அனுமதித்த சில இனங்களைத் தவிர, வெளிநாட்டில் அந்நியச் செலாவணியில் கடன் வாங்கக் கூடாது என்கின்றன ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த 2018-ம் ஆண்டின் கடன் விதிமுறைகள். வெளிநாட்டில் வீடு வாங்க வெளிநாட்டு வங்கியில் கடன் என்பது அந்த இனங்களில் இல்லை. துபாய் வங்கியின் கடன் அதிகாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் தன் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து உங்களுக்கு ஒப்புதல் தருவார்.

மீறினால் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அதைவிடப் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு ஃபெமாவில் இருக்கிறது: 37ஏ. சட்டத்துக்கு மாறாக வெளிநாட்டில் சொத்து வைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், அதற்குச் சமமான மதிப்புள்ள இந்தியச் சொத்தை அமலாக்கத் துறை முடக்கலாம். துபாய் ஃபிளாட்டில் நடந்த தவறுக்குக் கோவை பட்டறை மாட்டும்.

அப்படியானால் எந்தப் பணத்தில் வாங்கலாம்? 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளில் 21-வது விதி இதைச் சொல்கிறது. உங்களுக்குப் பொருந்துவது எல்ஆர்எஸ் எனப்படும் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், அது 9,18,125 திர்ஹாம். இந்த வரம்பில் உங்கள் வெளிநாட்டுச் சுற்றுலாச் செலவு, உறவினருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அடக்கம். வீட்டுக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது.

கோவை வீட்டை அடமானம் வைக்கும் யோசனையும் இங்கேதான் அடிபடுகிறது. எல்ஆர்எஸ் வழியாகச் சொத்து, முதலீடு போன்ற மூலதன இனங்களுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் எந்தக் கடன் வசதியும் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அடமானக் கடனைத் "தொழில் விரிவாக்கம்" என்று எழுதி வாங்கி, ஒரு வாரம் கழித்து அதே தொகையைத் துபாய்க்கு அனுப்பினால், கடன் கணக்கும் அனுப்பிய கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பட்டறையின் ஓவர்டிராஃப்ட் கணக்கிலிருந்து அனுப்புவதும் இதே தவறுதான். அனுப்பும் பணம் உங்கள் சொந்தப் பணம் என்று, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தோடு தரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

கார்டில் கட்டியதற்கு முதலில் வழி பாருங்கள். மற்றதெல்லாம் ஒரு மாதம் தள்ளிப் போனாலும் ஒன்றுமில்லை. சர்வதேச கிரெடிட் கார்டு பயணம், ஹோட்டல், சந்தா போன்ற நடப்புச் செலவுகளுக்கானது. நிலம், வீடு வாங்குவதற்கு அதில் இடமில்லை. அது கடன் பணமும்கூட. கண்காட்சி மேசையில் கார்டு இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பில்டருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: கார்டில் கட்டிய 40,000 திர்ஹாமை அதே கார்டுக்குத் திருப்ப வேண்டும், இந்தியச் சட்டப்படி வங்கி வழியாகவே கட்ட முடியும் என்று. "அந்தத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை வங்கியில் கட்டுங்கள்" என்று பதில் வரும். ஒப்பாதீர்கள். திருப்பியதற்கான கார்டு ஸ்டேட்மென்ட், புக்கிங் படிவம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, ஃபெமா வேலை தெரிந்த ஆடிட்டரிடம் காட்டுங்கள். (வருமான வரி ரிட்டர்ன் மட்டும் போடுகிறவர் போதாது.) நடந்த மீறலை ரிசர்வ் வங்கியிடம் தாமாக முன்வந்து சொல்லி, ஒரு தொகை கட்டி முடித்துக்கொள்ளும் காம்பவுண்டிங் வழி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது தேவையா என்பதைத் தாள்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அமலாக்கத் துறையிடமிருந்து கடிதம் வந்த பிறகு போவதைவிட இப்போது போவது மலிவு.

அடுத்தது தவணைத் திட்டம். சாவி தருமுன் கட்டும் 60 சதவீதத்தையும், பின்னால் 40 மாதம் நீளும் 40 சதவீதத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கட்டடம் எழும்ப எழும்பக் கட்டுவது வாங்கும் விலையின் பகுதி. ஒவ்வொரு தவணையும் எல்ஆர்எஸ்ஸில், சொந்தப் பணத்தில் போனால் அதை விளக்குவது எளிது. வீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அதன் விலையை 40 மாதம் பாக்கி வைத்தால், அதைப் பெயர் மாற்றிய கடன் என்று சொல்ல இடம் இருக்கிறது. நான் அந்த 40 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

60 சதவீதத்திலும் ஒரு குழி உண்டு. மூன்று வருடம் வரை அனுப்ப வேண்டிய பணத்துக்கு இன்று கையெழுத்துப் போடுகிறீர்கள். அன்றைய எல்ஆர்எஸ் வரம்பு உங்கள் கையில் இல்லை. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்துகொண்டிருந்தபோது, ரிசர்வ் வங்கி ஒரே சுற்றறிக்கையில் வரம்பை 2,00,000 டாலரிலிருந்து 75,000 டாலராக வெட்டியது. எல்ஆர்எஸ்ஸில் வெளிநாட்டுச் சொத்து வாங்குவதையே தடை செய்தது. மறு ஆண்டுதான் அந்தத் தடை நீங்கியது. அப்படி ஒன்று இடையில் வந்து தவணை நின்றால், துபாய் சட்டம் பில்டர் பக்கம் சாய்கிறது. முடிவடையாத கட்டடங்களின் பதிவு பற்றிய 2008-ம் ஆண்டின் 13-வது சட்டமும் அதன் திருத்தங்களும் சொல்வது இது: நிலத் துறை வழியாக 30 நாள் நோட்டீஸ் போகும். அதற்குள் கட்டாவிட்டால், கட்டுமானம் 60 முதல் 80 சதவீதம் முடிந்த நிலையில் பில்டர் ஒப்பந்தத்தை ரத்து செய்து, ஃபிளாட் மதிப்பில் 40 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம். 60-க்குக் கீழ் என்றால் 25 சதவீதம் வரை. கவனியுங்கள், நீங்கள் கட்டிய தொகையில் 40 அல்ல, ஃபிளாட்டின் மதிப்பில் 40. 7 லட்சம் திர்ஹாம் கட்டியிருந்தால் 5,60,000 போய்விடலாம்.

இனி கட்டி முடித்த ஃபிளாட்டைக் கணக்குப் பார்ப்போம். விலை 14,00,000 திர்ஹாம். துபாய் நிலத் துறையின் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், 56,000. அதை விற்பவரும் வாங்குபவரும் பாதிப் பாதி ஏற்க வேண்டும் என்று விதி இருந்தாலும், வழக்கத்தில் முழுவதும் வாங்குபவர் தலையில்தான். ஏஜென்ட் கமிஷன் 2 சதவீதமும் அதன்மேல் 5 சதவீத வாட் வரியும் சேர்ந்து 29,400. பதிவு நடக்கும் டிரஸ்டி அலுவலகத்துக்கு வாட்டோடு 4,200. உரிமைப் பத்திரச் செலவு 580. ஆக 14,90,180 திர்ஹாம், அதாவது 4,05,767 டாலர். ஒருவரின் ஓர் ஆண்டு வரம்பைத் தாண்டுகிறது. கணவன் மனைவி இருவர் வரம்புக்குள் அடங்குகிறது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால், மார்ச் கடைசியில் ஒரு முறை, ஏப்ரல் முதலில் ஒரு முறை என்று ஒருவரே 5,00,000 டாலர் வரையும் அனுப்பலாம்.

மனைவியின் வரம்பைப் பயன்படுத்தினால் பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும். இணை உரிமையாளர் அல்லாத குடும்பத்தாரின் வரம்பைச் சொத்து வாங்கச் சேர்த்துக்கொள்ள முடியாது. அவர் பணம் உங்களிடமிருந்து ரூபாயாக அன்பளிப்பாகப் போகலாம், அதற்கு வரி இல்லை. ஆனால் அவர் பங்குக்கு வரும் வாடகை உங்கள் வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்கிடப்படும்.

இதுவரை சரிதான். இடிக்கும் இடம் டிசிஎஸ். சொத்து வாங்க அனுப்பும் பணத்தில், ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் வங்கி கூடுதலாகப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும். கணக்குக்காக ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைப்போம். அனுப்பும் நாளின் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 14,90,180 திர்ஹாம் என்பது 3.58 கோடி ரூபாய். இருவரும் சரிபாதி அனுப்பினால், ஆளுக்கு 10 லட்சம் கழித்து, டிசிஎஸ் மொத்தம் ஏறத்தாழ 67.5 லட்சம். கையில் 4.25 கோடி வேண்டும். உங்களிடம் இருப்பது 3 கோடி. அதிலும் மனை விற்றதற்கு மூலதன ஆதாய வரி இன்னும் கழியவில்லை. (மனை விற்ற பணத்தை வெளிநாட்டு வீட்டில் போட்டு அந்த வரிக்கு விலக்குக் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015-16 கணக்கீட்டு ஆண்டு முதல் அந்த விலக்கு இந்தியாவில் உள்ள வீட்டுக்கு மட்டும்தான்.) 3 கோடி முழுதாகக் கையில் இருந்தாலும், டிசிஎஸ், பதிவு, கமிஷன் எல்லாம் போக நீங்கள் வாங்க முடிவது சுமார் 9.9 லட்சம் திர்ஹாம் ஃபிளாட். கண்காட்சியில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள்.

டிசிஎஸ் இழப்பு இல்லை, முடக்கம். எவ்வளவு காலம் முடங்கும் என்பது யார் அனுப்புகிறார், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு ஆண்டு வரி 14 லட்சம் இருக்கிறது. ஏப்ரலில் அனுப்பினால், ஜூன் 15-ல் தொடங்கும் முன்வரித் தவணைகளை அந்த அளவுக்குக் குறைத்துக் கட்டலாம், ஆகவே முடக்கம் குறைவு. மனைவிக்கு வரியே இல்லை. அவர் பெயரில் பிடித்த முழுத் தொகையும் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டாகத்தான் வரும். அவர் ஏப்ரலில் அனுப்பினால் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். மார்ச்சில் அனுப்பினால், அந்த ஆண்டின் ரிட்டர்ன் சில மாதத்திலேயே போட்டுவிடலாம். ஒரே வீட்டில் இருவருக்கு இரண்டு வேறு மாதம் பொருந்துகிறது.

இப்போது மகன் பெயருக்கு வருவோம். அவர் வேலைக்காக வெளிநாடு போனவர், ஃபெமாவின்படி இந்தியாவுக்கு வெளியே குடியிருப்பவர். உங்களுக்கு உள்ள கடன் தடை அவருக்கு இல்லை. அமீரகத்தின் மத்திய வங்கி விதிப்படி, அங்கு குடியிருக்கும் வெளிநாட்டவரின் முதல் வீட்டுக்கு, விலை 50 லட்சம் திர்ஹாமுக்குள் இருந்தால் 80 சதவீதம் வரை கடன் கிடைக்கும், அதிகபட்சம் 25 வருடத்துக்கு. 14 லட்சத்துக்கு 11,20,000 கடன். கையில் வேண்டியது 2,80,000 முன்பணமும் மேலே சொன்ன 90,180 செலவும். கடனுக்கென்று அடமானப் பதிவு 0.25 சதவீதமும் 290-ம் சேர்த்து 3,090. வங்கியின் நடைமுறைக் கட்டணம் 1 சதவீதம் என்றால் வாட்டோடு 11,760. மதிப்பீட்டுக் கட்டணம் சுமார் 3,150. எல்லாம் சேர்த்து 3,88,180 திர்ஹாம். பதிவுக் கட்டணத்தையும் ஏஜென்ட் கமிஷனையும் கடனிலேயே ஏற்றிக்கொள்ளும் பழைய வழக்கத்தை 2025 பிப்ரவரியிலிருந்து மத்திய வங்கி நிறுத்திவிட்டது, ஆகவே இது முழுதும் ரொக்கமாகவே வேண்டும்.

அந்த 3,88,180 திர்ஹாமை நீங்கள் மகனுக்கு அன்பளிப்பாக அனுப்பலாம். 24 ரூபாய் விலையில் 93.16 லட்சம் ரூபாய். சுமார் 1,05,700 டாலர், ஒருவர் வரம்பில் பாதிகூட இல்லை. தாய் 10 லட்சமும் நீங்கள் 83.16 லட்சமும் அனுப்பினால், தாய்க்கு டிசிஎஸ் இல்லை, உங்களுக்கு 14.63 லட்சம். உங்கள் ஆண்டு வரியே 14 லட்சம் என்பதால் அது ஏறக்குறைய முழுதும் அதிலேயே நேராகிவிடும். பெற்றோர் தரும் அன்பளிப்புக்கு மகனுக்கு இங்கே வரி இல்லை. காலிமனையை விற்க வேண்டிய அவசியமும் வராது. பணம் எதற்கு என்று வங்கியில் குறிக்கும் நோக்கக் குறியீடு எஸ்1302, அன்பளிப்பு. ஒரு வெள்ளைத்தாளில் அன்பளிப்புக் கடிதம் எழுதி, வங்கிச் சான்றோடு வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கடன் வங்கியும் முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். "அன்பளிப்பு வேண்டாம், மகனுக்குக் கடனாகத் தருகிறேன்" என்று தோன்றலாம். வெளிநாட்டில் உள்ள நெருங்கிய உறவினருக்கு ரூபாயில் கடன் தர விதி உண்டு. ஆனால் அந்தப் பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) இந்தியாவிலேயே இருக்க வேண்டும், வெளியே போகக் கூடாது. இதற்கு உதவாது.

என் கருத்து இந்த வழிக்குத்தான். இதற்கு விலை உண்டு: ஃபிளாட் மகனுடையது, உங்களுடையதல்ல. "என் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்" என்றால், வெளிநாட்டில் வாழும் உறவினரோடு கூட்டாக வாங்க 21-வது விதி இடம் தருகிறது. ஆனால் பத்திரத்தில் உள்ள எல்லோரையும் வங்கி அடமானத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும். அந்த நொடியில் நீங்கள் வெளிநாட்டுக் கடனாளி ஆகிவிடுகிறீர்கள். கடன் இருக்கும் வரை பத்திரத்தில் மகன் பெயர் மட்டும் இருக்கட்டும். பின்னாளில் அவர் ஊர் திரும்பிக் குடியேறினாலும், வெளிநாட்டில் வாழ்ந்தபோது வாங்கிய சொத்தைத் தொடர்ந்து வைத்திருக்க ஃபெமாவின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது.

மகனுக்குக் கடன் கிடைக்குமா என்பதை இன்றே பார்த்துவிட வேண்டும். 11,20,000-க்கு 25 வருடம், 4.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 6,225 திர்ஹாம். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவருக்கு அது 9,000. பார்வைக்குத் தாராளம். ஆனால் வங்கி வட்டி ஏறினால் தாங்குவாரா என்று ஏற்றிய விகிதத்திலும் சோதிக்கும். 7 சதவீதத்தில் தவணை 7,916. கார் லோன் தவணை 1,500 இருந்தால் 9,416 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். கிரெடிட் கார்டு இன்னொரு கண்ணி: பாக்கி இல்லாவிட்டாலும், கார்டு வரம்பில் 5 சதவீதத்தை மாதச் செலவாக வைப்பது அங்குள்ள வழக்கம். 40,000 திர்ஹாம் வரம்புள்ள கார்டு சும்மா பர்ஸில் கிடந்தாலே 2,000 கழிந்துவிடும். விண்ணப்பத்துக்கு முன் கார் லோனை அடைத்து, தேவையற்ற கார்டுகளை மூடி, மூடியதற்கு வங்கியிடம் கடிதம் வாங்கி வைப்பது நல்லது.

வட்டியில், முதல் 3 அல்லது 5 வருடத்துக்கான நிலையான விகிதத்தைப் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். அதன் பிறகு எய்பார் விகிதத்தோடு (அமீரக வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டி) எவ்வளவு சேரும், குறைந்தபட்சம் எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் கடன் கடிதத்தில் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். 25 வருடக் கடனில் பெரும்பகுதி காலம் அந்த இரண்டும்தான் ஆளும்.

பணம் சிக்கும் இடம் இன்னொன்று, மதிப்பீடு. வங்கி விலையையும் தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதில்தான் 80 சதவீதம் தரும். 13,20,000 என்று மதிப்பீடு வந்தால் கடன் 10,56,000-ஆக இறங்கி, 64,000 திர்ஹாம் கூடுதலாகக் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு முன்பே எஃப் படிவம் எனப்படும் விற்பனை ஒப்பந்தத்தில் 10 சதவீதத்துக்குக் காசோலை கொடுத்திருப்பீர்கள். பின்வாங்கினால் அந்த 1,40,000 ஆபத்தில். ஆகவே, முதலில் கடன் முன்ஒப்புதல், பிறகு எஃப் படிவம், அதிலும் "வங்கி மதிப்பீடு விலையைவிடக் குறைந்தால் முன்தொகையைத் திருப்ப வேண்டும்" என்று ஒரு வரி. அந்த வரிக்கு விற்பவர் ஒப்பாவிட்டால், விலை ஏற்றிச் சொல்லப்படுகிறதோ என்று யோசிக்கலாம்.

எந்த வழியானாலும் பணம் அனுப்புவதில் சில சில்லறைக் காரியங்கள் உண்டு. ஒரு வருடமாவது பழகிய வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். புதுக் கணக்கென்றால் பழைய ஸ்டேட்மென்ட், ரிட்டர்ன் என்று கேட்டு நாளாகும். நாணய மாற்றுக்கு ஜிஎஸ்டி உண்டு, எவ்வளவு பெரிய தொகையானாலும் ஒரு முறைக்கு அதிகபட்சம் 10,800 ரூபாய். ஸ்விஃப்ட் கட்டணம் முழுதும் அனுப்புபவர் ஏற்பதாகக் குறியுங்கள். இல்லையென்றால் இடைப்பட்ட வங்கிகள் கழித்துக்கொண்டு, போய்ச் சேரும் தொகை சில திர்ஹாம் குறையும், தவணை "பாக்கி" என்று நிற்கும். அன்பளிப்பாக இல்லாமல் உங்கள் பெயரிலேயே வாங்கினால் குறியீடு எஸ்0005. அப்போது மகன் கணக்குக்குக் "குடும்பப் பராமரிப்பு" என்று அனுப்பி, அவர் அதில் உங்கள் பெயரில் வாங்குவது பொய் அறிவிப்பு ஆகிவிடும். பழைய ஃபிளாட் விற்பனையில் டிரஸ்டி அலுவலகத்தில் அமீரக வங்கியின் மேனேஜர் செக் (வங்கியே எழுதித் தரும் காசோலை) கேட்பார்கள், அதற்கு அங்கே கணக்கு வேண்டும். புதுக் கட்டடம் என்றால், 2007-ம் ஆண்டின் 8-வது சட்டப்படி அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். பில்டரின் பொதுக் கணக்கு எண்ணைத் தந்தால் நிறுத்திவிடுங்கள்.

"நான் இங்கே திர்ஹாமில் கட்டிவிடுகிறேன், நீங்கள் கோவையில் என் தம்பியிடம் ரூபாயாகக் கொடுங்கள்" என்று டிசிஎஸ்ஸைத் தவிர்க்க யாராவது நல்ல மனதோடு சொல்வார்கள். அது ஹவாலா. தெரிந்தவர் செய்தாலும் பெயர் அதேதான்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஏஜென்ட் சொல்லியிருப்பார். நீண்டகாலம் அங்கே தங்க அனுமதிக்கும் கோல்டன் விசாவுக்குச் சொத்து 20 லட்சம் திர்ஹாம் வேண்டும். அது கிடைத்தாலும் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா உங்களை வெளிநாடு வாழ்பவராக்காது. வேலைக்கோ தொழிலுக்கோ, எப்போது திரும்புவோம் என்று தெரியாமலோ அங்கே போய் வாழ்ந்தால்தான் ஃபெமாவில் நிலை மாறும். பட்டறை கோவையில் ஓடிக்கொண்டிருக்கும்வரை விசாவைக் காட்டிக் கடன் வாங்க முடியாது.

எல்லாம் கேட்ட பிறகும் சிறிய ஃபிளாட் ஒன்றை உங்கள் பெயரிலேயே முழுப் பணம் கொடுத்து வாங்க நினைத்தால், ஆண்டுதோறும் செய்ய வேண்டியது இது. துபாயில் வாடகைக்கு வருமான வரி இல்லை. இந்தியாவில் உங்களுக்கு உண்டு. வாடகையில் 30 சதவீதம் கழிக்கலாம். கட்டடப் பராமரிப்புக்கு வாங்கும் சர்வீஸ் சார்ஜைத் தனியாகக் கழிக்க முடியாது. அது சின்னத் தொகையும் அல்ல: 700 சதுர அடிக்கு, அடிக்கு 15 திர்ஹாம் என்றாலும் ஆண்டுக்கு 10,500. வாடகைப் பணம் துபாய் கணக்கில் பயன்படுத்தாமல், மறுமுதலீடு செய்யாமல் 180 நாளுக்கு மேல் கிடக்கக் கூடாது. இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். 24 மாதத்துக்குப் பிறகு விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் இங்கே வரி. ரிட்டர்னில், வெளிநாட்டுச் சொத்துகளுக்கான எஃப்.ஏ. அட்டவணையில் ஃபிளாட்டையும், அதற்காகத் திறந்த துபாய் வங்கிக் கணக்கையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அந்த அட்டவணைக்கு ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஏப்ரல் கணக்கில் போட்டுத் தவறுகிறவர்கள் அதிகம். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபர் முதல் 20 லட்சம் ரூபாய்க்குட்பட்ட வெளிநாட்டு உடைமைகளுக்குத் தந்த விலக்கில் அசையாச் சொத்து சேராது. மனைவி இணை உரிமையாளர் என்றால், வருமானம் இல்லாவிட்டாலும் அவரும் தன் பெயரில் ரிட்டர்ன் போட்டு அதே அட்டவணையை நிரப்ப வேண்டும்.